குளிரும் மயானமும்: 'சுழல்' தொடரில் நிலமும் வீடும்

ஆய்வுச் சுருக்கம்

புஷ்கர் – காயத்ரி இணையர் உருவாக்கிய 'சுழல்' (2022) என்னும் குற்றப்புனைவுத் தொடர், மலைச்சூழலில் அமைந்த சாம்பலூர் என்னும் கற்பனை ஊரைக் களமாகக் கொண்டது. ஒதுங்கிய குளிர்நிலச் சிற்றூர் என்பது உலகக் குற்றத்தொடர்களில் நிலைபெற்றுவிட்ட ஒரு களம். அக்களம் தமிழுக்கு வரும்போது எவை உடன் வருகின்றன, எவை வழியில் உதிர்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொடரின் தொழிற்சாலையும் திருவிழாவும் சமவெளிக்கு உரியவை. குளிர் மட்டுமே வகைமையிடமிருந்து பெறப்பட்டது. கதையின் மெய்யான இயக்கம் குளிரில் நிகழவில்லை, வெம்மையில் நிகழ்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: சுழல், குற்றப்புனைவு, மயானக் கொள்ளை, திணைமயக்கம், தண்மை, குழந்தைப் பாலியல் வன்கொடுமை.

முன்னுரை

தமிழ்த் தொலைக்காட்சியில் குற்றமும் நாட்டார் தெய்வமும் ஒரே கதையில் இணைவது புதிதன்று. 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்திலும் நாகாவின் இயக்கத்திலும் வந்த 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. தெய்வம் தண்டிக்கிறதா, மனிதர் கொல்கிறாரா என்ற ஐயமே அத்தொடரை வாரந்தோறும் நகர்த்தியது. அதன் களமோ வறண்ட தென்மாவட்டக் கிராமம். காவல் தெய்வம், எல்லை, பனைமரம், புழுதி ஆகிய அனைத்தும் ஒரே நிலத்துக்கு உரியவை. பார்ப்போர் அந்நிலத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பத் தேவையே ஏற்படவில்லை.

'சுழல்' அத்தகைய எளிய வழியில் செல்லவில்லை. 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் எட்டுப் பகுதிகளாக வெளியான இத்தொடரின் முதல் நான்கு பகுதிகளைப் பிரம்மாவும் அடுத்த நான்கை அனுசரணும் இயக்கினர். பல மொழிகளில் ஒரே நாளில் வெளியிடப்பட்டமையால், தமிழ் அறியாத பார்வையாளரையும் கருத்தில் கொண்டே இதன் களம் தெரிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். மலை, மூடுபனி, எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர், ஓர் இரவில் எரியும் தொழிற்சாலை, அதே இரவில் காணாமற்போகும் பள்ளி மாணவி என்னும் தொடக்கத்தை உலகின் எம்மூலையில் இருப்பவரும் உடனே அடையாளம் காண்பர். அடையாளம் காண இயல்வதே இங்குச் சிக்கலின் தொடக்கமாகவும் அமைகிறது.

குளிர் செய்யும் வேலை

டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் 1990இல் உருவாக்கிய 'ட்வின் பீக்ஸ்' இக்களத்துக்குப் பெரும் முன்மாதிரி. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஊசியிலைக் காடுகள் சூழ்ந்த மரம் அறுக்கும் ஊர் அதன் களம். பள்ளி மாணவி லாரா பால்மரின் உடல் கரையொதுங்குவதில் கதை தொடங்குகிறது. முதல் பருவத்தின் முடிவில் ஊரின் மர ஆலை தீப்பற்றுகிறது. கொலையாளியைத் தேடும் பயணம் இறுதியில் அவளுடைய வீட்டுக்குள், தந்தையிடம், சென்று நிற்கிறது. எரியும் ஆலை, மறைந்த பெண், வீட்டுக்குள் ஒளிந்த குற்றம் என்னும் இம்மூன்றும் முப்பதாண்டு கழித்துச் சாம்பலூரிலும் உள்ளன. இதனைத் தழுவல் என்று குற்றம் சாட்டுவதில் பயனில்லை. வகைமை என்பதே இவ்வாறு கைமாறும் உறுப்புகளால் ஆனது. கைமாறிய உறுப்பு புதிய உடலில் வேலை செய்கிறதா என்பதே கேட்கத்தக்கது.

வடபுலத் தொடர்களில் குளிர் காட்சியழகோடு நின்றுவிடுவதில்லை. அது கதையின் காரணகாரியத்தில் பங்கேற்கிறது. 2015இல் வெளிவந்த ஐஸ்லாந்துத் தொடரான 'ட்ராப்ட்' இதற்குத் தெளிவான சான்று. படகு ஒன்று துறைமுகத்தை அடையும் வேளையில் கடலில் தலையற்ற உடற்பகுதி கிடைக்கிறது. பனிப்புயல் மலைப்பாதையை மூடிவிடுவதால் தலைநகரிலிருந்து துப்பறிவாளர்கள் வர இயலவில்லை. எனவே உள்ளூர்க் காவலர் மூவரே வழக்கைக் கையாள நேர்கிறது. பனி இல்லையெனில் அக்கதையே இல்லை. அதே ஆண்டு வெளியான பிரித்தானியத் தொடரான 'ஃபோர்ட்டிட்யூட்' ஒரு படி மேலே செல்கிறது. ஆர்க்டிக் நிலத்தின் உறைமண்ணிலிருந்து வெளிப்படும் மாமூத்தின் உடலோடு ஒட்டுண்ணிக் குளவிகளும் வெளிவருகின்றன. குளிர் காத்து வைத்திருந்ததை வெப்பம் அவிழ்த்துவிடுகிறது. பாதையை அடைப்பது, பிணத்தைக் காப்பது, கடந்த காலத்தை உறையவைத்து ஒருநாள் உருக விடுவது ஆகியவை குளிரின் வினைகள்.

சாம்பலூரில் குளிர் இவற்றுள் எதனையும் செய்வதில்லை. பாதை அடைபடுவதில்லை, வெளியூரில் வாழும் நந்தினி தங்கையைத் தேடித் திரும்பி வர முடிகிறது, காப்பீட்டு அலுவலரும் தடையின்றி வந்து விசாரிக்கிறார். ஒளிப்பதிவாளர் முகேஸ்வரனின் சட்டகங்களில் மூடுபனியும் ஈரப்பச்சையும் மனத்தில் தங்கும் அழகோடு பதிவாகியுள்ளன என்பதில் ஐயமில்லை. எனினும் அப்பனியை நீக்கிவிட்டுக் கதையைச் சொன்னால் ஒரு நிகழ்ச்சியும் மாறாது.

ஆலை எந்நிலத்துக்கு உரியது

தொடரில் தீக்கிரையாவது சிமெண்ட் ஆலை. தமிழகத்தில் சிமெண்ட் ஆலைகள் எங்குள்ளன என்பதை நினைவுகூர்வது இங்குத் தேவையாகிறது. மூலப்பொருளான சுண்ணாம்புக்கல் கிடைக்கும் இடத்தை ஒட்டியே அவை அமைகின்றன. மதுக்கரை, தாழையூத்து, சங்ககிரி, அரியலூர் என எல்லாமே வெயில் காயும் சமவெளிகள். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் லால்குடி வட்டத்தைச் சேர்ந்த கல்லக்குடி இவ்வரிசையில் தனியிடம் பெற்றது. 1939இல் அங்கு நிறுவப்பட்ட டால்மியா ஆலையின் பெயரால் ஊரே டால்மியாபுரம் ஆயிற்று. 1953 ஜூலையில் அப்பெயரை நீக்கிப் பழம்பெயரை மீட்கக் கோரித் திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய போராட்டத்தில் மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். சிமெண்ட் ஆலை ஓர் ஊரின் பெயரையே விழுங்க முடியும், அப்பெயருக்காக ஊர் எழவும் முடியும் என்பதற்கு இதைவிட நெருக்கமான வரலாறு தமிழில் இல்லை. தொழிற்சங்கம், முதலாளி, அரசியல் சொல்லாட்சி, கூரைமீது படியும் தூசி என இத்தொடர் வேண்டிய யாவும் லால்குடிக்கு வடக்கே சில கல் தொலைவில் ஏற்கெனவே உள்ளன. குளிர் ஒன்றுதான் இல்லை.

மலையூர்களில் ஆலைகளே இல்லை என்று கொள்ளலாகாது. நீலகிரியில் அருவங்காட்டு வெடிமருந்து ஆலை 1904 முதல் இயங்குகிறது. 1960இல் உதகையில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், ஒளிப்படச் சுருள் காலாவதியானபோது தானும் நலிந்தது. இவற்றினும் கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் கதை குற்றப்புனைவுக்கு நெருக்கமானது. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்ட அவ்வாலை, பாதரசக் கழிவு பழைய பொருள் கிடங்கொன்றில் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாடு செய்துகொண்டது 2016இல். குளிர்நில ஊர், ஆலை, மறைக்கப்பட்ட நஞ்சு, பதினைந்தாண்டு காத்திருப்பு என்னும் இவ்வரலாற்றில் பற்றியெரியும் ஓர் இரவு கிடையாது. மெதுவாக உடலுக்குள் இறங்கும் நஞ்சுக்கு எட்டுப் பகுதிகளின் வேகம் ஒத்துவராது என்று தொடராக்கத்தினர் கருதக்கூடும். ஆனால் 'சுழல்' சொல்ல வந்த குற்றமும் அத்தகையதே: ஆண்டுக்கணக்கில் எவர் கண்ணிலும் படாமல் ஓர் உடலுக்குள் தங்குவது. ஆலை எரிவதைவிட ஆலை கசிவது அக்கதைக்குப் பொருத்தமான உருவகமாக இருந்திருக்கும்.

நிலமயக்கம்

திணைக்கோட்பாட்டை எப்படைப்பின்மீதும் அட்டவணையாக ஒட்டிப் பார்க்கும் வழக்கம் தமிழ் ஆய்வுலகில் மிகுந்துவிட்டது. மலை இருந்தால் குறிஞ்சி, கடல் இருந்தால் நெய்தல் என்று முடிப்பதால் படைப்பைப் பற்றி ஒன்றும் தெரியவருவதில்லை. ஆயினும் 'சுழல்' தொடரைப் பொறுத்தவரை அக்கோட்பாட்டின் ஒரு கூறு உண்மையாகவே உதவுகிறது. திணைகள் தம்முள் மயங்குவதைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. நிலத்தோடு நிலம் மயங்குவதை மட்டுமே விலக்குகிறார். காலம் மயங்கலாம், நிலம் மயங்கலாகாது என்று உரையாசிரியர்கள் இதனை விளக்குவர்.

இத்தொடரில் கதை நகரும் நாள்கள் மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாள்கள். மகாசிவராத்திரியை அடுத்த மாசி அமாவாசையில் நிகழும் இவ்விழா வடதமிழகச் சமவெளியின் அங்காளம்மன் வழிபாட்டுக்கு உரியது. விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர் அதன் தலைமையிடம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இலக்கண மரபு பின்பனியைக் குறிஞ்சிக்கு வகுக்கவில்லை; கூதிரும் முன்பனியுமே குறிஞ்சியின் பெரும்பொழுதுகள். பின்பனி வேனிலோடு சேர்த்துப் பாலைக்கு உரியதாக்கப்பட்டது. மலையும் காடும் தம் இயல்பு கெட்ட நிலையில் பாலையாவதாக இளங்கோவடிகள் கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது. சாம்பலூரின் முதற்பொருளுள் நிலம் குறிஞ்சி, காலமோ பாலையுடையது. இதுவரை மரபு அனுமதிக்கும் மயக்கமே. ஆலையும் மயானமும் அங்காளம்மனும் வேறொரு நிலத்திலிருந்து ஒருங்கே பெயர்த்து வைக்கப்படும்போதுதான் மயக்கம் எல்லை கடக்கிறது.

இப்பெயர்ப்புக்கு வரலாற்று நியாயம் ஒன்று இருந்தது. தமிழக மலையூர்களின் உழைக்கும் மக்களுள் பெரும்பகுதியினர் சமவெளியிலிருந்து தோட்டவேலைக்கும் கட்டுமானத்துக்கும் ஏறியவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பிய மலையகத் தமிழரும் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டனர். ஏறியவர்கள் தம் தெய்வங்களையும் சுமந்தே ஏறினர். சாம்பலூரின் அங்காளம்மன் எவர் தலைமேல் மலையேறினாள் என்று ஒரு காட்சியேனும் சொல்லியிருந்தால் ஊருக்கு ஒரு வரலாறு கிடைத்திருக்கும். தொடர் அதனைச் செய்யவில்லை. மலையின் முதற்குடிகளுக்கும் அங்கு இடமில்லை. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், படுகர் போன்ற ஒரு சமூகத்தின் நிழல்கூடச் சாம்பலூரில் விழுவதில்லை. 2021இல் வந்த இந்தித் தொடரான 'ஆரண்யக்' பல குறைகளை உடையது. எனினும் அதன் இமாசலக் கற்பனை ஊரில் உலவும் மனிதச் சிறுத்தை பற்றிய அச்சம் அக்காட்டிலிருந்து பிறந்ததாகவே தோன்றுகிறது. சாம்பலூரின் திருவிழா தயாரிப்புக் குழுவின் வண்டியில் ஏறி வந்ததுபோல் தோன்றுகிறது.

வெம்மையும் தண்மையும்

குளிர் என்னும் சொல்லே தமிழில் வேறு பொருளைச் சுமக்கிறது. வடபுலப் புனைவில் குளிர் உணர்வின்மைக்கும் சாவுக்கும் குறியீடு. தமிழிலோ மனம் குளிர்வதும் வயிறு குளிர்வதும் நிறைவு. அருளுக்குத் தண்ணளி என்றே பெயர். அம்மன் வழிபாட்டின் உள்ளமைப்பு முழுவதும் வெம்மையைத் தணிப்பதே: வேப்பிலை, நீர்மோர், பானகம், கூழ். லால்குடிக்கு அருகிலுள்ள சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிற்றில் தொடங்கும் பூச்சொரிதலும் அவ்வகைப்பட்டது. அம்மனே பக்தர்களுக்காக இருபத்தெட்டு நாள் பச்சைப்பட்டினி நோன்பு இருப்பதாக நம்பப்படும் அக்காலத்தில் கூடை கூடையாகப் பூச்சொரிந்து அவளைக் குளிர்விக்கின்றனர். வெயிலில் வாழும் மக்களின் மொழியில் அச்சம் வெம்மையாகத்தான் இருக்க இயலும்.

'சுழல்' தொடரைக் கூர்ந்து நோக்கினால் அதன் அச்சமும் வெம்மையிலேயே பிறப்பது புலப்படும். எரியும் ஆலை, சுடலை, தீப்பந்தம், குங்குமம், வேடமிட்டோரின் ஆவேசம் ஆகியவற்றில்தான் காட்சிகள் உயிர்பெறுகின்றன. சாம் சி.எஸ். இசையும் உடுக்கையும் பம்பையும் ஒலிக்கும் அவ்விடங்களில்தான் மெய்யான அதிர்வைத் தருகிறது. ஊரின் பெயரே எரிந்து முடிந்ததன் எச்சம். ஆலையின் தூசியும் மயானத்தின் நீறும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. பெயரைச் சூட்டியவர்கள் தம் கதையின் வெப்பநிலையை அறிந்தே இருந்தனர் என்று கொள்ளலாம். படப்பிடிப்புக்கு நிலம் தேடியவர்கள் அதை மறந்துவிட்டனர்.

கபாலம்

நிலம் பற்றி இவ்வளவு குறை கூறினாலும், திருவிழாவைத் தேர்ந்ததில் தொடர் பெற்ற பேறு ஒன்றுண்டு. விமர்சகர் பலர் மயானக் கொள்ளையை வண்ணப் பின்னணி என்றே கடந்தனர். அதன் தொன்மம் கதையின் மையத்தோடு பொருந்துவது கவனிக்கப்படவில்லை.

பிரமனின் ஐந்தாம் தலையைக் கொய்த சிவனின் கையில் அக்கபாலம் ஒட்டிக்கொள்கிறது. அவன் இரந்து பெறும் உணவை அது தின்றுவிடுகிறது. பசியோடும் பித்தோடும் அவன் சுடுகாடுகளில் அலைகிறான். பார்வதி உணவு சமைத்து மயானத்தில் இறைக்க, அதை உண்ணும் ஆவலில் கபாலம் கையைவிட்டு இறங்குகிறது. உடனே அவள் பேருருக் கொண்டு அதனை மிதித்து அடக்குகிறாள். மேல்மலையனூரில் ஆண்டுதோறும் நிகழும் சடங்கு இதன் மறுநிகழ்வு. தானியமும் காய்கறியும் கொழுக்கட்டையும் மயானத்தில் குவிக்கப்பட்டுப் பின் சூறையாடப்படுகின்றன. அங்காளம்மன் தொன்மங்களை விரிவாக ஆராய்ந்த ஈவ்லின் மேயர் 1986இல் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் முதன்மையானது.

கையோடு ஒட்டியிருப்பதும், அதே கலத்திலிருந்து உண்பதும், உண்பவனுக்கே உணவில்லாமல் செய்வதும் கபாலத்தின் இயல்புகள். தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் குடும்பத்தில் நந்தினியையும் பின்னர் நிலாவையும் சிதைத்தவன் வெளியாள் அல்லன். வீட்டுக்குள் நம்பிக்கையோடு புழங்கும் உறவினனான குணாவே. ஆலை முதலாளி திரிலோக், போராடும் தொழிலாளர், காதலன், மதக்குழு என எட்டுப் பகுதிகளில் ஐயத்தின் விரல் ஊர் முழுவதும் சுற்றுகிறது. அது கடைசியாகத் திரும்புவது அதே வீட்டின் அடுக்களைப் பக்கம். சண்முகமாக நடித்த பார்த்திபன், ஊருக்காகப் பேசிப் பேசித் தன் மகளின் மௌனத்தைக் கேளாமற்போன தந்தையின் குழப்பத்தை வழக்கமான சொல்விளையாட்டுகளைக் குறைத்து வெளிப்படுத்துகிறார். குமரவேலின் குணா, இறுதிவரை எவரும் இரண்டாம் முறை பார்க்காத ஒருவனாகவே இருக்கிறான். வில்லனுக்குரிய எந்த அடையாளமும் அவனிடம் இல்லை. அதுவே அவ்வேடத்தின் திறம்.

குழந்தைகள்மீதான பாலியல் குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்படுவோருள் பெரும்பான்மையோர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. கதை சொல்வதும் அதுவே. இக்குற்றம் தொலைவில் இல்லை, மூடுபனிக்கு அப்பால் இல்லை, உண்ணும் தட்டின் எதிரில் இருக்கிறது. களமோ நேர்மாறானதைச் சொல்கிறது. ஒதுங்கிய மலையூர், விசித்திரமான திருவிழா, முகமூடி என்னும் காட்சிகள் லால்குடியிலோ ஸ்ரீரங்கத்திலோ தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்க்கும் ஒருவருக்கு, இது எங்கோ நடப்பது என்னும் ஆறுதலை வழங்குகின்றன. கதை வீட்டுக்கு அழைத்து வருவதைக் களம் மலைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. குளிர் குறித்த இக்கட்டுரையின் முதன்மையான மறுப்பு இதுதான்; நிலவியல் பிழை அதற்கு அடுத்தது.

துப்பாக்கி

நந்தினி குணாவைச் சுட்டுக்கொல்வதோடு முதல் பருவம் முடிகிறது. திருவிழாவின் பின்னணியில் அச்செயல் அம்மன் கபாலத்தை மிதிப்பதற்கு இணையாக வைக்கப்படுகிறது. ஐஸ்வர்யா ராஜேஷ் அதற்கு முந்தைய பகுதிகளில் காட்டும் இறுகிய அடக்கம் இவ்வெடிப்பை நம்பவைக்கிறது. ஆயினும் இணைப்பு பிழையானது. தொன்மத்தில் பார்வதி அழிப்பதற்கு முன் உணவு சமைக்கிறாள், இறைக்கிறாள், ஒட்டிக்கொண்டதைத் தானே இறங்கி வரச் செய்கிறாள். ஊரறிய அது வெளிப்பட்ட பின்னரே மிதிக்கிறாள். தொடரில் அவ்வெளிப்படுத்தலுக்குக் காலம் தரப்படவில்லை. குணா சாவதால் அவன் ஊர்முன் பேசவேண்டிய கட்டாயமும், அவனைக் காணத் தவறியோர் பதில்கூற வேண்டிய கட்டாயமும் சேர்ந்தே மறைந்துவிடுகின்றன.

சட்டத்தின் நிலையும் ஆராயத்தக்கது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2012இல் வந்தது. குழந்தையின் சாட்சியத்தை முப்பது நாள்களுக்குள் பதிவு செய்யவும், விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்கவும் அதன் 35ஆம் பிரிவு கூறுகிறது. தொடர் வெளியான ஆண்டில் வளர்ந்த பெண்ணாக நிற்கும் நந்தினியின் குழந்தைப் பருவம் அச்சட்டத்துக்கு முற்பட்டதாகவே கொள்ளத்தக்கது. தண்டனைச் சட்டம் பின்னோக்கிப் பாய்வதில்லை. எனினும் வன்புணர்ச்சி போன்ற கடுங்குற்றங்களில் வழக்குத் தொடரக் காலவரம்பும் இல்லை. இவ்விரு உண்மைகளுக்கு இடையில் சிக்கிய பெண்ணின் நிலை வலுவான நாடகம். ஸ்ரேயா ரெட்டி ஏற்ற ஆய்வாளர் ரெஜினாவும் கதிர் ஏற்ற உதவி ஆய்வாளர் சர்க்கரையும் அவளுக்கு அருகிலேயே இருந்தும் அவ்வினாவை ஒருவரும் எழுப்புவதில்லை. தன் மகனே மறைந்த வழக்கில் ரெஜினா எவ்வாறு விசாரணையில் நீடிக்க இயலும் என்பதற்கும் தொடர் விடை தருவதில்லை.

2025 பிப்ரவரி 28 அன்று வெளியான இரண்டாம் பருவம் இவ்விடைகளுள் சிலவற்றுக்குக் கடன்பட்டதாகத் தொடங்குகிறது. பிரம்மாவும் சர்ஜுனும் இயக்கிய அப்பருவத்தில் நந்தினி சிறையில் இருக்கிறாள். கொலைக்கு வழக்கு உண்டு என்பது ஏற்கப்படுகிறது. களம் மலையிலிருந்து இறங்கிக் காளிபட்டணம் என்னும் கடலோரக் கற்பனை ஊருக்கு மாறுகிறது. மயானக் கொள்ளையின் இடத்தில் அட்டகாளித் திருவிழா, நிலாவின் இடத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரின் சாவு. மூடுபனி முற்றிலும் போய் உப்புக்காற்றும் வெயிலும் வந்துவிடுகின்றன. ஐயம் சுற்றும் முறையும், திருவிழா நாள்களோடு விசாரணை நாள்கள் இணைந்து ஓடும் அமைப்பும், காக்கவேண்டியவர்களின் கைகளிலேயே பெண்பிள்ளைகளின் துயர் தொடங்கும் கதைக்கருவும் ஏறத்தாழ முதல் பருவத்தில் இருந்தவாறே இருக்கின்றன.